ஊன் மறுத்தவரின் கடன்

பேராதனையிலிருந்து கம்பளைக்குப் போகும் வீதியில், மகாவலிக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு நகரம் கெலிஓயா. சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் ஒரே கடைத்தெருவில் வாங்கி விற்கிற ஊர். போயா தினத்தன்று இறைச்சிக்கடை பூட்டியிருக்கும். ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் இறைச்சி பங்கு பிரிந்து வீடு வீடாகப் போகும். செவ்வாய், வெள்ளி, கந்தசஷ்டி என்றால் பல தமிழ் வீடுகளில் மீனும் இறைச்சியும் அடுப்பேறாது. உணவில் கட்டுப்பாடு என்பது இங்கே யாருக்கும் புதிய சங்கதி இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் அதற்கென்று ஒரு நாள்காட்டி உண்டு.

இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் நாள் கிழமை பாராமல் இறைச்சி, மீன், கருவாடு எல்லாவற்றையும் அடியோடு விட்டுவிட முடிவெடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் வீட்டார் வியப்பார்கள். அடுத்த வாரம் தனிச் சமையலுக்குச் சலித்துக்கொள்வார்கள். சில மாதம் போனதும் "இன்னும் அதே பிடிவாதம்தானா?" என்று கேட்பார்கள். அந்தச் சாதாரணக் கேள்விக்குள் ஓர் அறக்கேள்வி இருக்கிறது. எடுத்த முடிவை ஆயுள் முழுக்கக் காக்கும் கடமை அவருக்கு உண்டா? உண்டென்றால் அந்தக் கடன் யாருக்குச் செலுத்த வேண்டியது? தெய்வத்துக்கும் தன் தூய்மைக்குமா, தன் உடம்புக்கா, கொல்லப்படும் உயிருக்கா? இதைத் தெளிந்துகொள்ளாதவர் நெடுநாள் நிலைக்க மாட்டார். நிலைத்தாலும் அயலவருக்குப் பாரமாகிவிடுவார் என்பதே இங்கே சொல்ல வருவது.

உடம்புக்காக விடுகிறவர்களைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கொலஸ்ட்ரோல் குறைந்ததும், வைத்தியர் வேறு விதமாகச் சொன்னதும் அந்தக் காரணம் தீர்ந்துபோகும். அது மருந்துக் கணக்கு, அதில் பிழையும் இல்லை. அறத்தின் கணக்கு மற்ற இரண்டிலும்தான் இருக்கிறது. அவை இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் போகப்போக வெவ்வேறு திசையில் பிரிந்துவிடுகின்றன.

திருக்குறளில் புலான் மறுத்தல் இருபத்தாறாம் அதிகாரம். அதற்கு நேர் முன்னால் நிற்பது அருளுடைமை. துறவறவியலில் வைக்கப்பட்டாலும் அதில் வரும் கூர்மையான வாதம் இல்லறத்தாரின் சந்தைப் பையைத்தான் தொடுகிறது. தின்பதற்கென்று வாங்குவோர் இல்லாவிட்டால் விலைக்கு விற்பாரும் இல்லாமற் போவார்கள் என்பதே அதன் சாரம். "நான் கொல்லவில்லை, கடையில் வாங்கினேன்" என்ற சமாதானத்துக்கு அந்த வாதம் இடம் வைக்கவில்லை. வாங்குகிற கைதான் வெட்டுகிற கையை வேலைக்கு வைத்திருக்கிறது.

இன்று அந்த வாதத்தின் கனம் கூடியிருக்கிறது. முற்றத்தில் கிளறித் திரிந்து, நல்ல நாள் ஒன்றுக்கு அறுபட்ட வீட்டுக்கோழியின் காலம் போய்விட்டது. குளிர்பெட்டியில் உரித்துக் கிடக்கும் பிரொய்லர் கோழி ஐந்தாறு வாரம் மட்டுமே உயிரோடு இருந்தது. சீக்கிரம் சதை போட வேண்டுமென்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இனம் அது. நெஞ்சுச் சதையின் பாரத்தைத் தாங்க முடியாமல் கால் ஊனமாகிப் படுத்துவிடும் கோழிகள் அந்தக் கொட்டில்களில் சாதாரணம். முட்டைக்கென்று வளர்க்கும் இனத்திலோ சேவற்குஞ்சுக்கு வேலையே இல்லை. பொரித்த உடனே ஆண், பெண் பிரித்துச் சேவற்குஞ்சுகளை அழித்துவிடுகிறார்கள். இவற்றை அறிந்த பின்னும் வாங்குவதற்கு நியாயம் தேடுவது கடினம். மாற்று உணவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற ஒருவர், நாவின் ருசிக்காக மட்டும் அந்தத் துன்பத்துக்குக் காசு கொடுக்கக்கூடாது. இதுவே ஊன் மறுத்தலுக்கு உள்ள உறுதியான அடித்தளம்.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்ததும் பழகிய வழக்கங்கள் சில தடுமாறுகின்றன. நம் இந்து வீடுகள் பலவற்றில் மாட்டிறைச்சி மட்டும் விலக்கு. கோழியும் மீனும் தாராளம். தூய்மையை அளவுகோலாக வைத்தால் அது ஒழுங்கான ஏற்பாடாகத் தெரியும். துன்பத்தை அளவுகோலாக வைத்தால் கணக்கு தலைகீழாகிறது. ஒரு மாட்டின் இறைச்சி பல குடும்பங்களுக்குப் பல நாள் போதும். ஒரு வீட்டின் ஒரு வேளை நெத்தலிப் பொரியலில் போகும் உயிர்களை எண்ணி முடிக்கவே பொறுமை வேண்டும். மாட்டை விட்டுக் கோழிக்கு மாறியவர் தன் தட்டுக்காகச் சாகும் உயிர்களின் தொகையைக் கூட்டியிருக்கிறார். பசுவின் மீதான அன்பு பொய் என்று இதற்குப் பொருளில்லை. அந்த அன்பு கோழிக்கும் நீள வேண்டும் என்பதே பொருள்.

பாலும் அப்படித்தான். கன்று போடாமல் பசு பால் தராது. போட்டது காளைக்கன்று என்றால் ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் மலையகத்துச் சிறு குடும்பத்தால் அதற்குக் காலமெல்லாம் புல் போட முடியாது. அது விலைப்படும், விலைப்பட்ட பிறகு எங்கே போகிறது என்பதை யாரும் விசாரிப்பதில்லை. மரக்கறி உண்பவரின் பால் தேநீருக்கும் அவர் ஏறிட்டுப் பார்க்க விரும்பாத இறைச்சிக்கடைக்கும் நடுவே ஒரு கயிறு ஓடுகிறது. காந்தி இந்த முடிச்சோடு நெடுநாள் போராடினார். கறவை மாடுகள் படும் கொடுமையை அறிந்து பால் குடிப்பதில்லை என்று விரதம் பூண்டவர், 1918இல் கடும் நோயில் விழுந்தார். சத்தியம் செய்தபோது மனதில் இருந்தது பசுவும் எருமையும்தானே என்ற நியாயத்தில் ஆட்டுப்பால் குடித்து உயிர் பிழைத்தார். விரதத்தின் சொல் காப்பாற்றப்பட்டது, பொருள் காப்பாற்றப்படவில்லை என்ற வருத்தத்தைத் தன் சுயசரிதையில் அவரே மறைக்காமல் எழுதினார்.

சோறும் மரக்கறியும்கூடக் குற்றமற்றவை என்று சொல்லிவிட முடியாது. கண்டி மலைச்சரிவில் தோட்டம் செய்கிறவரிடம் கேட்டால் தெரியும்: பன்றிக்கு வெடி, பூச்சிக்கு மருந்து, தென்னையில் ஏறும் குரங்கோடு ஓயாத சண்டை. உயிர் எதுவும் நோகாத தட்டு ஒன்று உலகத்தில் கிடையாது. "அப்படியானால் இறைச்சியும் தின்னலாமே" என்று சிலர் இதிலிருந்து முடிவுக்கு வருகிறார்கள். அது தவறான முடிவு. கோழிக்கும் மாட்டுக்கும் போடும் தீனியும் வயலில்தான் விளைகிறது. இறைச்சி உண்பவரின் தட்டுக்கு அந்த வயலின் சாவுகளும் சேர்ந்தே வருகின்றன. முழுதாகத் தவிர்க்க முடியாத ஒன்றை இயன்ற மட்டும் குறைப்பதுதான் அறிவுடையவர் செய்வது.

இனி, நிலைத்திருப்பது பற்றி. அமெரிக்காவில் ஃபோனலிட்டிக்ஸ் என்ற அமைப்பு 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஊன் உணவை விட்டவர்களில் ஐந்தில் நால்வருக்கு மேற்பட்டோர் மீண்டும் அதற்கே திரும்பியிருந்தனர். திரும்பியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் முதல் ஆண்டுக்குள்ளேயே திரும்பினர். அந்த நாட்டின் கதை வேறு என்று ஒதுக்கலாம். ஆனால் இங்கேயும் சோதனை பெரிய விருந்துகளில் வருவதில்லை, மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலில் வருகிறது.

இலங்கைச் சமையலை அறிந்தவருக்கு இது சொல்லாமலே விளங்கும். கடையில் மரக்கறிச் சோறு என்று கேட்டு வாங்கிய பார்சலைப் பிரித்தால் பருப்பு இருக்கிறது, போஞ்சி இருக்கிறது, பொரித்த மிளகாய் இருக்கிறது. ஓரத்தில் சிவப்பாகத் தேங்காய்ச் சம்பல். அந்தச் சம்பலில் இடித்துப் போட்ட மாசிக் கருவாடு இருக்கிறது. வல்லாரைச் சம்பலிலும் சில நேரம் மாசி, கத்தரிக்காய்ப் பிரட்டலிலும் சில நேரம் மாசி. சமைத்தவருக்கு அது மீன் என்ற நினைப்பே வருவதில்லை, உப்புப் புளி போல ஒரு சேர்மானம். முதல் கவளம் வாய்க்குள் போன பிறகுதான் உண்டவருக்குத் தெரிகிறது.

அந்தக் கணத்தில்தான் கடன் யாருக்கு என்ற கேள்வி உயிர் பெறுகிறது. தூய்மைக்காக விட்டவருக்கு அந்த ஒரு துணுக்கு மாசி எல்லாவற்றையும் கெடுத்துவிடும். இத்தனை நாள் காத்தது போயிற்று, தீட்டுப் பட்டாயிற்று. தீட்டு முழுமையானது, அதில் கொஞ்சம் என்ற பேச்சு இல்லை. ஆகவே "போனது போகட்டும்" என்ற வெறுப்பு வரும். அடுத்த வாரம் கல்யாண வீட்டில் கோழிக்கறி இலையில் விழும்போது கை தடுக்காது. உயிருக்காக விட்டவருக்கோ அதே துணுக்கு ஒரு சிறு தவறு மட்டுமே. வேண்டுமென்று வாங்கியதில்லை, கடைக்காரரை இன்னும் மீன் வாங்கத் தூண்டியதுமில்லை. நாளைக்கு "சம்பலில் மாசி போட்டதா?" என்று முதலிலேயே கேட்டால் போதும். ஒரு மாதத் தவணை தவறியதற்காக யாரும் கடனே இல்லையென்று ஆக்கிக்கொள்வதில்லை. அடுத்த மாதம் கட்டுகிறார்கள். தெரிந்தே வழுவியவருக்கும் இது பொருந்தும். மழையில் நனைந்து வந்த ஓர் இரவில் பசியிலும் ஆசையிலும் மீன் ரோல்ஸ் தின்றுவிட்டவர் தன்னை ஏமாற்றுக்காரன் என்று நொந்துகொள்வதால் ஒரு மீனும் பிழைக்கப்போவதில்லை. மறுநாள் காலையில் மரக்கறி ரொட்டியைக் கேட்டு வாங்கினால் பிழைக்கும். கடுமையான விரதமே நெடுநாள் நிற்கும் என்று நாம் நம்பிப் பழகியிருக்கிறோம். நடைமுறையில், காரணம் தெளிவாக இருந்து தவறுக்கும் திரும்பி வரவும் இடம் வைத்த முடிவே நிற்கிறது.

அயலவரின் வீடு அடுத்த சோதனை. கெலிஓயாவில் பெருநாள் அன்று முஸ்லிம் வீட்டிலிருந்து சாப்பாடு வரும். தைப்பொங்கலுக்குப் பொங்கல் அங்கே போகும். கொண்டுவந்த சகன் தட்டின் மூடியைத் திறந்ததும் முகம் சுளிக்கிறவர் ஒரு கோழியையும் காப்பாற்றவில்லை, ஓர் உறவை மட்டும் காயப்படுத்துகிறார். பௌத்த மரபு இந்த இடத்தை நுட்பமாக எண்ணிப் பார்த்திருக்கிறது. பிக்குகள் எல்லோரும் ஊனை முற்றாக விலக்க வேண்டுமென்று தேவதத்தன் கேட்டபோது புத்தர் அதை விதியாக்க மறுத்தார் என்று விநய நூல்கள் சொல்கின்றன. தனக்கென்று கொல்லப்பட்டதைக் காணாமலும், கேளாமலும், ஐயுறாமலும் இருந்தால் பாத்திரத்தில் விழுந்ததை ஏற்கலாம் என்பது அவர் வகுத்த எல்லை. பிச்சை ஏற்பவருக்குத் தெரிவு இல்லை என்பதே அந்த விதியின் உயிர். காசைக் கையில் வைத்துக்கொண்டு கடை முன் நிற்பவருக்கு அந்தச் சலுகை பொருந்தாது, அவருக்குத் தெரிவு உண்டு.

இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் விருந்தாளி. அவர் செய்யத்தக்கது முன்கூட்டியே சொல்லிவைப்பது. "இறைச்சியை விட்டுவிட்டேன், உங்கள் வீட்டுச் சோறும் பருப்பும் போதும்" என்று பெருநாளுக்கு முன்பே சொன்னால் அடுத்த ஆண்டு தனிப் பாத்திரம் வரும். இந்த ஊரின் அயலவர் அந்த அளவுக்கு அன்பானவர்கள். வட்டிலப்பத்தில் முட்டை இருக்கிறது. முட்டையையும் விட்டவர் அதை மரியாதையோடு மறுக்கலாம். விருந்தோம்பியவரின் மனம் நோகாமலிருக்க ஒரு துண்டு சாப்பிட்டாலும் பெரும்பழி ஒன்றும் வந்துவிடாது. ஆனால் உண்மையைச் சொல்வதே இருவருக்கும் நல்லது. சொல்லாமல் தின்றவருக்கு அடுத்த ஆண்டும் அதுவே வரும், அந்த மௌனத்தில் உறவும் விரதமும் இரண்டும் தேயும்.

தெரிவு உள்ளவருக்கே கடமை என்று ஒப்புக்கொண்டால், தெரிவு இல்லாதவரைப் பற்றியும் பேசியாக வேண்டும். கெலிஓயாவிலிருந்து மலையேறினால் தோட்ட லயங்கள். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் சுமார் 17 வீதம். தோட்டப்புறத்தில் அது சுமார் 32 வீதம். அந்த வீடுகளில் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்து வந்த தாய் ரொட்டிக்கு ஒரு பிடி நெத்தலிக் கருவாட்டைச் சம்பலில் சேர்த்தால், அது அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் அரிய புரதம். 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்து, அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டபோது முட்டையும் மீனும் எத்தனையோ வீடுகளிலிருந்து தாமாகவே மறைந்தன. அந்த மறைவை யாராவது சைவம் என்று பாராட்டினால் அது கொடுமை. வறுமை பறித்ததைத் துறவென்று சொல்லக்கூடாது.

ஊனை விடத் தகுந்தவருக்கும் உடம்பைக் காக்கும் பொறுப்பு உண்டு. விட்டமின் பி12 மரக்கறியில் கிடைக்காது. பாலும் முட்டையும் உண்போருக்கு ஓரளவு கிடைக்கும், அவற்றையும் விட்டவர் மாத்திரையை நாட வேண்டும். பருப்பு, கௌபி, கடலை, சோயா, கீரை எல்லாம் திட்டமிட்டுத் தட்டில் இடம்பெற வேண்டும். வெறும் சோற்றையும் சொதியையும் தின்று இரத்தசோகையில் விழுந்தவர் ஊரின் கண்முன் ஊன் மறுத்தலுக்கே எதிர்ச்சாட்சி ஆகிவிடுவார். வளரும் பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் நோயாளிக்கும் முன்னால் விரதத்தின் பெயரால் முட்டைக்குத் தடை போடும் அதிகாரம் யாருக்கும் இல்லை. அவர்கள் தெரிந்து ஏற்காத விரதம் அவர்களுடையதாகாது.

கடைசியாக, மிகவும் வேதனையான பகுதி. தூய்மை என்ற காரணம் தன் தட்டோடு நிற்பதில்லை, அடுத்தவர் தட்டையும் எட்டிப் பார்க்கிறது. எதைத் தின்கிறார் என்பதை வைத்து மனிதரை மேல் கீழ் என்று அடுக்கிய வரலாறு நம்முடையது. மாட்டிறைச்சி உண்டது எப்படித் தீண்டாமைக்கு அடிப்படையாக்கப்பட்டது என்பதை ஆராய்ந்தே அம்பேத்கர் 1948இல் ஒரு நூல் எழுதினார். கண்டிக்கும் இதில் தன் காயம் உண்டு. 2013 தொடக்கத்தில் ஹலால் சான்றிதழுக்கு எதிரான பிரசாரம் நாடெங்கும் கிளம்பியது. அதே ஆண்டு வெசாக் தினமான மே 24ஆம் திகதி, தலதா மாளிகைக்கு முன்னால் போவத்தே இந்திரரதன தேரர் மாட்டறுப்புக்கு எதிராகத் தன் உடலில் தீ மூட்டிக்கொண்டார். மறுநாள் உயிர் பிரிந்தது. ஓர் இளம் துறவியின் சாவு யாருக்கும் துயரமே. ஆனால் மாடுகளுக்கான குரல் அந்த ஆண்டுகளில் எந்தக் குரல்களோடு சேர்ந்து ஒலித்தது என்பதை முஸ்லிம் அயலவர்கள் மறக்கவில்லை. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பக்கத்தில் அவர்களுடைய வீடுகளும் கடைகளும் எரிந்ததை இந்த மாவட்டமே கண்டது.

2020 செப்டெம்பரில் அமைச்சரவை மாட்டறுப்புத் தடைக்குக் கொள்கையளவில் இணங்கியபோது, உண்போருக்காக மாட்டிறைச்சியை இறக்குமதி செய்யும் யோசனையும் அதோடு சேர்ந்தே வந்தது. வேறு நாட்டில் வெட்டுண்ட மாட்டுக்கும் வலித்திருக்கும். துன்பத்தைப் பற்றியே கவலை என்றால், மிருகவதையைத் தடுக்க 1907இல் பிரித்தானியர் இயற்றிய பழைய சட்டத்தோடு நூறு ஆண்டுக்கு மேல் நாடு காலம் தள்ளியிருக்காது. தமிழ்நாட்டிலும் 2003இல் கோயில்களில் கிடா வெட்டும் கோழி பலியும் கூடாதென்று அரசு கண்டிப்புக் காட்டியது. எளிய மக்களின் குலதெய்வக் கோயில்களே அதிகம் பாதிக்கப்பட்டன; நகரத்து இறைச்சிக்கூடங்கள் வழக்கம்போல் ஓடின. அடுத்த ஆண்டே அந்தத் தடை விலக்கப்பட்டது. மேலிருந்து வரும் கட்டளை ஒருவர் மனதில் இரக்கத்தை விதைப்பதில்லை. யாரோ தம்மை இழிவாகக் கருதுகிறார் என்ற கசப்பையே விதைக்கிறது.

வேறு வழியும் நம் மரபில் இருக்கிறது. கொல்லாமையை வள்ளலாரைப் போல் உறுதியாகச் சொன்னவர்கள் குறைவு. அவர் 1867இல் வடலூரில் நிறுவிய தருமசாலையில், புலால் உண்பவராயினும் பசியோடு வந்தவருக்குச் சோறு உண்டு. மணிமேகலையில் கப்பல் உடைந்து நாகர் வாழும் மலைப்பக்கம் ஒதுங்கும் சாதுவன் கதை இன்னும் நெருக்கமானது. மனிதரையே தின்னும் கூட்டத்தின் தலைவன் அவனுக்குக் கள்ளும் ஊனும் கொடுக்க முன்வருகிறான். சாதுவன் தான் மறுக்கிறான், மறுத்ததற்கான காரணத்தை அவர்கள் மொழியிலேயே பேசி விளக்குகிறான். இவற்றை விட்டால் நாங்கள் எப்படி வாழ்வது என்று தலைவன் கேட்கும்போது, இயலாததைச் சுமத்தவில்லை. கரை ஒதுங்கும் மனிதரைக் கொல்லாதீர்கள், மூத்துச் சாகும் விலங்கைத் தவிர வேறெந்த உயிருக்கும் தீங்கு செய்யாதீர்கள் என்று அவர்களால் ஏற்க முடிந்த எல்லையில் நிற்கிறான். தன் தட்டில் முழு உறுதி, பிறர் தட்டில் பொறுமையான பேச்சு. ஊன் மறுத்தவர் அயலவரோடு வாழ இதைவிடச் சிறந்த பாடம் வேண்டியதில்லை.

ஆகவே எடுத்த முடிவைக் காக்கும் கடமை உண்டு. அந்தக் கடன் கொல்லப்படும் உயிருக்கு உரியது. அதனால்தான் வசதி வந்தபோது ஏற்று, சலிப்பு வந்தபோது விட்டுவிட அது ஒரு விருப்பமாக நிற்பதில்லை. ஐந்து வாரக் கோழியின் துன்பம் நம் சலிப்பைப் பொறுத்துக் குறைவதில்லை. அதே காரணத்தால் அந்தக் கடனை அடுத்தவரை இகழ்ந்தோ, வறியவரின் கருவாட்டுத் துண்டைக் குற்றம் சொல்லியோ, இன்னொரு சமயத்தாரின் கடையைப் பூட்டியோ தீர்க்க முடியாது. அப்படிச் செய்தவர் வேறு ஏதோ கணக்கைத் தீர்த்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு வேளையும் கேட்டு வாங்கி, தவறினால் திரும்பி வந்து, சத்தறிந்து சமைத்து, அயல்வீட்டுக்கும் ஒரு கிண்ணம் பொலொஸ் கறி கொடுத்தனுப்புகிறவரே அந்தக் கடனை உள்ளபடி செலுத்துகிறவர். அவரைப் பார்த்து இன்னொருவர் தாமாகவே விட்டால், அதுவும் அந்த உயிர்களின் கணக்கில் வரவாகச் சேரும்.